மணிக்குழியும் யானைக்காடும்

நிலத்தின் செல்வம் இருவகைப்படும். மண்ணுக்குள்ளே மறைந்து கிடப்பது ஒன்று. மண்ணின் மேலே உலவித் திரிவது மற்றொன்று. பொன்னும் மணியும் முன்னதைச் சேர்ந்தவை. மானும் யானையும் பின்னதைச் சேர்ந்தவை. மனிதன் முதலாவதைத் தேடிச் சென்ற இடங்களிலெல்லாம் இரண்டாவது அழிந்துவந்தமை உலக வரலாறு காட்டும் உண்மை. சுரங்கம் தோண்டும் ஊரிலே கூட்டம் சேரும். கூட்டத்துக்கு இறைச்சி வேண்டும், விறகு வேண்டும், வீதி வேண்டும். சில ஆண்டுகளிலே காடு வெளியாகும், விலங்கு கதையாகும். அதன் பின்னரே ஒரு தலைமுறை விழித்துக்கொண்டு, எஞ்சியதைக் காக்கச் சட்டம் இயற்றும்.

தென்னாபிரிக்காவிலே இவ்வுண்மை தெளிவாகத் தெரியும். அந்நாட்டின் வடகிழக்கு மலைச்சரிவில் பில்கிரிம்ஸ் ரெஸ்ட் என்னும் சிற்றூர் உளது. 1873ஆம் ஆண்டில் அங்கோர் ஓடையிலே பொன் கண்டெடுக்கப்பட்டது. அடுத்துப் பார்பர்ட்டன் நகரம் எழுந்தது. 1886இல் விற்றுவாட்டர்சிராண்டில் கிடைத்த பொன்னால் ஜொகன்னஸ்பேர்க் மாநகரம் பிறந்தது. அக்காலத்தில் வேட்டைக்காரரின் துப்பாக்கிகளுக்கு இரையான விலங்குகளுக்குக் கணக்கில்லை. மிஞ்சியவற்றைக் காக்கும் பொருட்டு, 1898இல் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் குரூகர் சாபி ஆற்றுப் பகுதியைக் காப்பு நிலமாக அறிவித்தார். அதுவே விரிவடைந்து 1926இல் குரூகர் தேசிய வனமாயிற்று. பில்கிரிம்ஸ் ரெஸ்ட் 1986இல் ஊரோடு தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது. அந்தப் பொன்னூரையும் அருகிலுள்ள விலங்குக் காட்டையும் ஒரே பயணத்திற் கண்டு மீள்வது இன்று உலகப் பயணிகளின் வழக்கம்.

இதனைக் காணக் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தொலைவிலே இரத்தினபுரி இருக்கிறது. அதனைச் சூழச் சிவனொளிபாதமலைக் காடும், சிங்கராஜ வனமும், உடவளவைச் சரணாலயமும் இருக்கின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ காலையிற் புறப்படும் ஒருவர் நண்பகலுக்கு முன்னரே மணிக்குழியின் விளிம்பில் நிற்கலாம். மாலை சாய்வதற்குள் யானைக் கூட்டம் நீருண்ண வருவதையும் காணலாம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடைய வரலாறுகள் என்பதைப் பயணிகளுட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இரத்தினபுரிக்குச் செல்லும் வீதி மகரகமை, ஓமாகமை, அவிசாவளை, எஹெலியகொடை, குருவிட்ட முதலிய ஊர்களினூடாகச் செல்கிறது. முற்காலத்திற் களனிப் பள்ளத்தாக்கு வழியாகக் குறுகிய பாதைப் புகையிரதமும் சென்றது. 1912இல் இரத்தினபுரியை அடைந்த அப்பாதை 1919இல் ஓப்பநாயக்கா வரையில் நீண்டது. இறப்பரும் தேயிலையும் ஏற்றிவந்த அந்தச் சின்னஞ்சிறு வண்டி, அவிசாவளைக்கு அப்பால் 1976இல் நிறுத்தப்பட்டது. இன்று பயணிகளைக் கொண்டுசெல்வது வீதியே. அவிசாவளை கடந்ததும் காற்று ஈரமாகும். இருமருங்கும் இறப்பர்த் தோட்டங்கள் தோன்றும். வயல்களின் நடுவே ஓலைக் கூரையிட்ட சிறு பந்தல்கள் தென்படத் தொடங்கும். அவை காவற் பரண்கள் அல்ல, மணிக்குழிகளின் கூரைகள். நெல் விளையும் வயலின் அடியிலேயே நீலமணியும் கிடப்பது இந்த மாவட்டத்தின் தனிச்சிறப்பு.

சப்பிரகமுவ மாகாணத்தின் தலைநகராகிய இரத்தினபுரி களுகங்கையின் கரையில் அமைந்துளது. வடகிழக்கே 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை கூம்பாக எழுந்து நிற்கும். அம்மலைக்குக் காவற் தெய்வமாகக் கருதப்படும் சமன் தெய்வத்தின் கோயில் நகரருகே உளது. குழி வெட்டத் தொடங்குவோர் நல்ல நேரம் பார்த்து அத்தெய்வத்தை வணங்கியே மண்வெட்டி எடுப்பர்.

இத்தீவின் மணிகள் பற்றிய செய்தி மிகப் பழமையானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தொலமி, தப்பிரபேன் எனப்பட்ட இலங்கையின் விளைபொருள்களைக் கூறுமிடத்து, மணிகளையும் யானைகளையும் புலிகளையும் ஒருங்கே குறித்துள்ளார். ஆறாம் நூற்றாண்டின் கொஸ்மாஸ், கோயில் உச்சியில் ஒளிவீசிய பெரிய செம்மணியொன்றைப் பற்றி எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இலங்கை மன்னனிடமிருந்த மாணிக்கம் ஒரு சாண் நீளமும் கைப் பருமனும் உடையது என்கின்றார். சீனப் பேரரசர் குப்ளாய் கான் அதற்கு ஒரு நகரத்தின் விலையைத் தருவதாகச் சொல்லியும், முன்னோர் வழிவந்த பொருளைக் கொடேன் என்று மன்னன் மறுத்தானாம். பயணிகளின் சொல்லில் மிகை கலந்திருக்கலாம். ஆயினும் இத்தீவின் மணிகளுக்கிருந்த புகழ் மிகையன்று.

இவர்கள் எல்லாரினும் தமிழ் நேயர்களுக்கு அணுக்கமானவர் இபுன் பதூதா. மொரொக்கோ நாட்டினராகிய அவர் 1344இல் புத்தளப் பகுதியிலே கரையிறங்கி, யாழ்ப்பாண அரசராகிய ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அரசர் பாரசீக மொழியை அறிந்திருந்தமையால் இருவரும் நேரே உரையாடினர். உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணமொன்றில் அகில் எண்ணெய் இருக்கக் கண்டு பதூதா வியந்தார். இதனினும் பெரியவை எம்மிடம் உள என அரசர் கூறினாராம். தமக்கு மணிகள் வேண்டா, ஆதம் பாதமலையைக் காண வழி செய்தாற் போதும் என்று விருந்தினர் வேண்டினார். அரசர் பல்லக்கும் ஏவலாளரும், யோகியரும் அந்தணரும் துணையாக அனுப்பி வைத்தார். மலைப் பயணத்திற் கண்டவற்றை எழுதும்போது பதூதா மணிகளோடு நிறுத்திவிடவில்லை. தாடியுடைய கருங்குரங்குகளைக் குறித்தார். வழிப்போக்கரின் உடலிற் பாய்ந்து ஒட்டும் அட்டைகளையும், அவற்றின் மீது எலுமிச்சஞ் சாறு பிழிந்து விடுவிப்பதையும் குறித்தார். மலையில் ஏறுவோர் இன்றும் அவ்வட்டைகளை அறிவர். கல்லையும் காட்டுயிரையும் ஒரே கண்ணாற் பார்த்த முதற் பயணிகளுள் அவரை ஒருவராகக் கொள்ளலாம்.

மணிகள் எவ்வாறு இங்கே திரண்டன? மலைநாட்டின் பாறைகள் பூமியின் ஆழத்திலே பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அக்காலத்தில் அவற்றினுள்ளே மணிகள் உருவாயின. பல கோடி ஆண்டுகளின் மழையும் வெயிலும் பாறையை உதிர்த்தன. ஆறுகள் அவ்வுதிர்வைப் பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டுவந்தன. நீரோட்டம் தளர்ந்த இடத்திலே கனமான கற்கள் முதலிற் படிந்தன. அவற்றின் மேல் மணலும் களியும் மூடின. இவ்வாறு களியின் கீழே கிடக்கும் பரற்கற் படையையே இல்லம் என்று குழியாளர் வழங்குவர். இல்லம் கிட்டினால் மணி கிட்டலாம்; கிட்டாமலும் போகலாம்.

நீலமும் மாணிக்கமும் உண்மையிலே ஒரே கனிப்பொருளின் இருவேறு நிறங்கள். குரோமியம் சிறிது கலந்தாற் சிவப்பு; இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். வைரத்துக்கு அடுத்த கடினமுடைய இக்கனிப்பொருளை விஞ்ஞானிகள் கொரண்டம் என்பர். அது குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லினின்று பிறந்த பெயர். உலக விஞ்ஞானம் இச்சொல்லைத் தமிழர் நாவிலிருந்து பெற்றுக்கொண்டது. தாமரை நிறங்கொண்ட அரிய கல்லுக்குப் பத்மராகத்தின் பெயரே சிறிது திரிந்து உலகச் சந்தையில் இன்றும் வழங்குகின்றது. நவமணிகளுள் வைரமும் மரகதமும் இரத்தினபுரிக் குழிகளிலே கிடைப்பதில்லை; மாணிக்கம், நீலம், புஷ்பராகம், வைடூரியம், கோமேதகம் என்பன கிடைக்கின்றன.

குழி வெட்டும் முறை பல தலைமுறைகளாகப் பெரிதும் மாறவில்லை. முதலிலே நீண்ட இரும்புக் கோலை மண்ணிற் செலுத்திப் பார்ப்பர். பரற்கல்லிற் பட்டதும் கோலின் அதிர்வு வேறுபடும். பழகிய கை அதனை உணரும். பின்னர் சதுரக் குழி தோண்டி, சுவர் இடிந்து விழாதபடி மரச்சட்டங்களை அடுக்கடுக்காகப் பொருத்துவர். சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே கெகில்ல எனப்படும் பன்னத் தழையைத் திணிப்பர். தழை மண்ணைத் தடுக்கும்; நீரைக் கசிய விடும். ஊறும் நீரை ஓயாது இறைக்க வேண்டும். முன்னர் இதனை மனிதரின் தோள்வலியே செய்தது. பின்னர் இயந்திரம் செய்கின்றது. குழியின் அடியிலே பக்கவாட்டிற் சுருங்கை வெட்டிச் செல்வோர் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பர். சுடர் மங்கினால் மூச்சுக்கு உகந்த காற்று இல்லை என்பது பொருள். உடனே மேலேற வேண்டும்.

மேலே ஏற்றிய இல்லத்தைக் குவித்து வைத்து, ஒரு நாளிலே கழுவுவர். இடுப்பளவு நீரில் நின்று, பிரம்புக் கூடையிற் பரலை இட்டுச் சுழற்றுவர். இலேசான கற்கள் விளிம்பால் ஓடிவிடும். கனமானவை அடியிலே தங்கும். சுளகிற் புடைக்கும் இல்லத்தரசியின் கைத்திறனை ஒத்தது இது. காற்றின் தொழிலை இங்கே நீர் செய்கிறது. ஈற்றில் அனுபவமுள்ள ஒருவர் கூடையை வெயிலுக்குச் சரித்துப் பார்ப்பார். அந்தக் கணத்திலே எவரும் பேசார். பல வாரத்து உழைப்பின் பயன் அவர் விரல் நுனியில் இருக்கும். கிடைத்த மணியின் விலை நிலத்துக்கு உரியவன், அனுமதிப் பத்திரம் பெற்றவன், நீரிறைக்கும் இயந்திரத்துக்கு உரியவன், குழியில் இறங்கினோர் ஆகியோரிடையே வழக்கப்படி பங்கிடப்படும். ஒன்றும் கிடையாவிட்டால் குழியில் இறங்கினோர்க்கு உண்ட சோறே ஊதியம்.

இத்தகைய குழிகளினின்று புறப்பட்ட கற்கள் எத்தனையோ மாளிகைகளை அடைந்தன. பேருவளை முஸ்லிம் வணிகர் இவ்வியாபாரத்தில் நெடுங்காலப் புகழ் பெற்றவர். கொழும்புச் செட்டியார் தெருவின் நகைக் கடைகளிலே நவரத்தின மோதிரம் செய்விப்போர், தம் விரலிலுள்ள நீலத்தின் பிறப்பிடம் சப்பிரகமுவ வயல் என்பதை நினைத்துப் பார்த்தல் நன்று. நியூயோர்க்கின் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இந்திய நட்சத்திரம் என்னும் நீலக்கல் இருக்கிறது. பெயர் இந்தியாவுக்கு உரியதாயினும் கல் இலங்கையினது என்றே கருதப்படுகிறது. 563 கரட்டு, அதாவது ஏறத்தாழ 113 கிராம் நிறையுள்ள அக்கல் 1964இல் திருட்டுப் போய், அடுத்த ஆண்டில் மீட்கப்பட்டது. 2021இல் இரத்தினபுரியில் வீட்டு வளவொன்றிலே கிணறு தோண்டியபோது, ஏறத்தாழ 510 கிலோகிராம் நிறையுள்ள நீலக்கற் திரளொன்று வெளிப்பட்டதாக அறிவிக்கப்பட்டமை உலகச் செய்தியாயிற்று.

எனினும் மணிக்குழியின் வரலாற்றிலே எடுத்துச் சென்றவற்றைப் போலவே எறிந்துவிட்டவையும் கவனத்துக்கு உரியன. அவற்றுள் ஒன்று கெவுட எனப்படும் கல். பால்போல் மங்கிய நிறமுடைய இக்கல்லைப் பயனற்றது என்று கழித்துவிடுவர். சில வீடுகளின் முற்றத்திலே சரளையோடு சரளையாக அது கிடந்தது. 1970களிலே தாய்லாந்து வணிகர் அதனை அற்ப விலைக்கு வாங்கிச் சென்று உலையிற் பெருவெப்பமூட்டினர். மங்கல் மறைந்தது, ஆழ்ந்த நீலம் வெளிப்பட்டது. முற்றத்திற் கிடந்த கல் அயல்நாட்டாரின் பேழையில் நீலமணியாய் மின்னிய பின்னரே, இங்குள்ளோர் தாம் எதனை எறிந்தோம் என்பதை அறிந்தனர். வெப்பமூட்டும் கலை பின்னர் இலங்கையிலும் வேரூன்றியது. ஆயினும் இழந்த ஆண்டுகள் இழந்தவையே.

எறியப்பட்ட இரண்டாவது பொருள் எலும்பு. மணி தேடுவோன் கூடையிலே கருகிய நிறமுடைய பல்லொன்றோ எலும்புத் துண்டொன்றோ வந்தால் அதனால் அவனுக்குப் பயனில்லை. ஆனால் கொழும்புத் தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக 1939 முதல் 1963 வரை விளங்கிய பி. ஈ. பி. தெரணியகலை அவ்வாறு கருதவில்லை. இரத்தினபுரிக் குழிகளினின்று வெளிப்பட்ட எலும்புகளையும் பற்களையும் அவர் அரிதின் முயன்று திரட்டினார். அவற்றை ஆராய்ந்து அவர் கூறிய செய்தி வியப்புக்குரியது. ஒரு காலத்திலே இம்மாவட்டத்து ஆறுகளில் நீர்யானை திளைத்தது! ஆற்றங்கரைப் புல்வெளிகளிலே காண்டாமிருகம் மேய்ந்தது! காட்டெருமையினும் பெரிய கவுர் மாடும் திரிந்தது. 1939இல் குருவிட்டப் பகுதியிற் கிடைத்த பற்களைக் கொண்டு, இத்தீவிலே சிங்கமும் வாழ்ந்தது என்று அவர் நிறுவினார்.

இலங்கையின் நீர்யானை ஆபிரிக்க நீர்யானையின் அச்சன்று. ஆபிரிக்க விலங்கின் கீழ்த்தாடையிலே முன்வாய்ப் பற்கள் நான்கு. இரத்தினபுரி நீர்யானைக்கு ஆறு. அதனால் அது ஆறு முன்பற்களைக் குறிக்கும் பெயர்கொண்ட இனத்திலே வைக்கப்பட்டது. சிங்கத்தின் செய்தி இன்னும் ஆழ்ந்த எண்ணத்தை எழுப்புவது. இந்நாட்டின் கொடியிலும், படிக்கட்டுகளின் சிற்பத்திலும், பெயர்களிலும் சிங்கம் உண்டு. காட்டிலே மாத்திரம் இல்லை. வரலாறு எழுதப்படுவதற்கு மிகமிக முன்னரே அது மறைந்துவிட்டது. இரத்தினபுரிக்கு அருகில் 1962இற் கிடைத்த பல்லொன்றும், குருவிட்டப் பகுதியில் 1982இற் கிடைத்த விரலெலும்பொன்றும் புலியினுடையவை என்று 2005இல் ஆய்வாளர் அறிவித்தனர். ஆயினும் அப்புலியும் தொலமியின் காலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதே. அவர் செவியில் விழுந்த புலி, இன்றும் இங்குள்ள சிறுத்தையாகவே இருத்தல் கூடும்.

இவ்விலங்குகள் மறைந்தமைக்கு மனிதனை மாத்திரம் குற்றஞ்சாட்டல் இயலாது. காலநிலை மாறியது, புல்வெளி சுருங்கி மழைக்காடு பெருகியது, கடல் உயர்ந்து தீவு பெருநிலத்தினின்று பிரிந்தது. குருவிட்டவிலுள்ள பட்டதொம்பக் குகையிலே முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்து, நுண்கற் கருவிகள் செய்து, சிறு விலங்குகளை உண்டு வந்தனர். அவர்களின் வழியினரைப் பலாங்கொடை மனிதர் என்று ஆராய்ச்சியாளர் பெயரிட்டழைப்பர். சில விலங்குகள் மறைந்த காலத்தில் மனிதனும் இங்கே இருந்தான் என்பது மட்டும் உறுதி.

மூன்றாவதாக எறியப்பட்டது உயிரோடு திரிந்த யானை. இங்கே காலநிலையின் மீது பழிபோட இடமில்லை. கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமான பின்னர், மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாக மாறின. தோட்டத்துள் நுழைந்த யானை பகையாயிற்று. அதனைக் கொன்றோர்க்கு அரசாங்கமே பரிசளித்தது. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் தரும் கணக்கின்படி, 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டது. 1851 முதல் 1856 வரையில் தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டது. மேஜர் ரொஜேர்ஸ் என்னும் ஒரே அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பர். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். ஊரார் அதனைத் தெய்வத்தின் தீர்ப்பென்று பேசிக்கொண்டதில் வியப்பில்லை.

கொன்றவர்களின் வழிவந்தோரே பின்னர் காவலைத் தொடங்கினர். 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. வேட்டையாடுவதற்கே விலங்கு எஞ்சாது என்னும் அச்சமே அதன் பிறப்புக்கு ஒரு காரணம். 1900இல் தென்கிழக்கே யால காப்பு நிலமாயிற்று. ஆனால் காப்பு நிலம் என்று கடதாசியிலே எழுதினாற் போதுமா? காவலன் ஒருவன் வேண்டும். அந்தக் காவலனை அனுப்பியது தென்னாபிரிக்காவின் பொன் என்று சொன்னால் மிகையாகாது.

பொன்வயல்களின் ஆட்சி எவருக்கு என்னும் பிணக்கு முதிர்ந்து, 1899இல் ஆங்கிலேயருக்கும் போவர் குடியரசுகளுக்கும் போர் மூண்டது. சிறைப்பிடிக்கப்பட்ட போவர் வீரருள் ஏறக்குறைய ஐயாயிரவர் 1900 முதலாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, தியத்தலாவை முகாமிலே வைக்கப்பட்டனர். இரத்தினபுரியினின்று பலாங்கொடை வழியாக மேலேறும் வீதி அப்புத்தளையைத் தொட்டுச் சென்று அந்தத் தியத்தலாவையையே அணுகுகிறது. 1902இற் போர் முடிந்ததும், ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோர் நாடு திரும்பினர். மறுத்துவிட்ட சிலர் தங்கிவிட்டனர். அவர்களுள் ஒருவர் எங்கெல்பிரெக்ற். அவர் அம்பாந்தோட்டையிலே குடியமர்ந்தார். 1908இல் யால காப்பு நிலத்தின் முதற் காவலராக நியமிக்கப்பட்டார். எந்த அரசுக்குப் பணிய மறுத்தாரோ, அந்த அரசின் காட்டை அவர் உண்மையோடு காத்தார். பொன்னுக்காக நடந்த போரிலே நாடிழந்தவர், இன்னொரு நாட்டில் மானுக்கும் யானைக்கும் நிழலானார்.

அவருடைய வாழ்வும் துன்பமின்றிக் கழியவில்லை. 1914இல் ஜெர்மன் போர்க்கப்பலாகிய எம்டன் இந்து சமுத்திரத்திற் சுற்றித் திரிந்தது. செப்தெம்பர் 22ஆம் நாள் இரவு அது சென்னை நகரின்மீது குண்டு பொழிந்தமையும், அதன் பின்னர் எம்டன் என்னும் சொல் தமிழிலே எதற்கும் அஞ்சாத வல்லாளனைக் குறிக்கும் வழக்காக நிலைத்தமையும் யாவரும் அறிந்தவை. அக்கப்பலுக்கு இறைச்சி கொடுத்து உதவினார் என்ற ஐயம் எங்கெல்பிரெக்றின்மீது விழுந்தது. அவர் சிறைவைக்கப்பட்டார். குற்றம் மெய்ப்பிக்கப்படவேயில்லை. 1922இல் அம்பாந்தோட்டையிலே அவர் உயிர் நீத்தார். அவர் மீண்டும் தாயகம் காணவில்லை.

அவர் காத்த காடு நிலைத்தது. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1938இல் யாலவும் வில்பத்தும் தேசிய வனங்களாயின. 1949இல் வனவிலங்குகளுக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. 1940இல் சிவனொளிபாதமலைக் காடு சரணாலயமாயிற்று. அக்காடு 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியாயிற்று. சிங்கராஜ வனத்தில் 1970களின் முற்பகுதியிலே ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்கொண்டு மரந்தறிக்கத் தொடங்கினர். அறிவுடையோர் பலரும் குரலெழுப்ப, அப்பத்தாண்டு முடியுமுன்னரே அது நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனமும் உலக மரபுரிமையாயிற்று.

இரத்தினபுரியிலிருந்து யானைகளைக் காணச் செல்வோர்க்கு அண்மையானது உடவளவை. பெல்மதுளையிலே தெற்கு நோக்கிப் பிரியும் வீதி எம்பிலிப்பிட்டிக்கு அழைத்துச் செல்லும். மழைநாடு முடிந்து வறண்ட நாடு தொடங்குவதை வழியிலேயே காணலாம். 1960களில் வளவை கங்கைக்குக் குறுக்கே பெரும் அணை கட்டப்பட்டது. அதனாற் புலம்பெயர நேர்ந்த விலங்குகளுக்குப் புகலாகவும், நீர்த்தேக்கத்தின் நீரேந்து நிலத்துக்குக் காப்பாகவும், 1972இல் 308 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தேசிய வனம் அமைக்கப்பட்டது. நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் நீர்த்தேக்கத்தின் நடுவே நிற்கின்றன. அவற்றின்மீது நீர்க்காகங்கள் சிறகு உலர்த்தும். கரையோரப் புல்வெளியிலே நூற்றுக்கணக்கான யானைகள் வாழ்கின்றன. தாயை இழந்த கன்றுகளைப் பேணி, வளர்ந்தபின் காட்டுக்கே திருப்பி விடுவதற்காக 1995இல் அங்கே ஒரு காப்பகமும் ஏற்பட்டது. யானையின் தலைக்குப் பரிசளித்த நாடு, யானைக் கன்றுக்குப் பாலூட்டும் நாடாயிற்று.

இத்துடன் எல்லாம் நலமாயின என்று மகிழ்ந்திருக்க இடமில்லை. 2019 முதல் 2024 வரையில் ஒவ்வோர் ஆண்டும் இலங்கையிலே முந்நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. அவற்றுட் பல குண்டுபட்டும், மின்சாரம் தாக்கியும், புகையிரதத்தில் மோதுண்டும் இறந்தவை. அதே ஆண்டுகளில் யானையால் உயிரிழந்த கமக்காரரும் பலர். குடும்பத்தின் ஓராண்டு உணவை ஓரிரவில் இழக்கும் ஏழைக்கு யானையின் அருமையை எடுத்துரைத்தல் எளிதன்று. வேலியும் சட்டமும் அவனையும் காத்தாலன்றி யானையைக் காக்கமாட்டா.

மணிக்குழிகளிலும் இத்தகைய கவலை உண்டு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்தினக்கற் கூட்டுத்தாபனமும், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையும் ஏற்பட்டன. வேலை முடிந்ததும் குழியை மூட வேண்டும் என்பது விதி. அதற்காக முன்பணமும் வைப்பாகப் பெறப்படுகின்றது. ஆயினும் அனுமதியின்றித் தோண்டுவோரும், இரவிலே ஆற்றுப்படுகையில் இயந்திரம் இறக்குவோரும் எக்காலத்தும் உளர். மூடாத குழியிலே நீர் தேங்கும். கரை இடிந்த ஆற்றிலே சேறு நிறையும். களுகங்கையின் வெள்ளம் இரத்தினபுரிக்குப் புதிதன்று. 2003ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் அந்நகரைப் பெருந்துயரில் ஆழ்த்தின. 2017இலும் அத்துயர் மீண்டது. மழையை மனிதனாற் தடுக்க முடியாது. மலையின் மரத்தையும் ஆற்றின் கரையையும் காத்து, வெள்ளத்தின் கொடுமையை ஓரளவேனும் தணிக்க முடியும்.

இரத்தினபுரிக்குச் செல்வோர் எஹெலேபொல வளவில் 1988இல் நிறுவப்பட்ட தேசிய நூதனசாலையையும் பார்த்தல் வேண்டும். செல்ல இயலாதோர்க்குக் கொழும்பு நூதனசாலை வளவு அண்மையில் உளது. அங்கே கண்ணாடிப் பேழையினுள்ளே கரிய பற்களும் எலும்புத் துண்டுகளும் இருக்கின்றன. நகைக் கடையின் நீலமணியைப்போல அவை மின்னமாட்டா. அவற்றுக்குச் சந்தையில் விலையும் இல்லை. ஆனால் அவை இல்லாவிட்டால், களுகங்கையிலே நீர்யானை மூழ்கியெழுந்த காலம் ஒன்று இருந்ததை எவரும் அறிந்திரார்.

கெவுடக் கல்லை எறிந்த கைக்கு அதனுள் நீலம் இருப்பது தெரியவில்லை. எலும்பை எறிந்த கைக்கு அதனுள் வரலாறு இருப்பது தெரியவில்லை. யானையைச் சுட்ட கைக்கு அது திரும்பப் பெற இயலாத செல்வம் என்பது தெரியவில்லை. முதலிரண்டையும் மண்ணிலிருந்து மீண்டும் பொறுக்கியெடுக்க முடிந்தது. சிங்கத்தையும் நீர்யானையையும் அவ்வாறு பொறுக்கியெடுக்க முடியாது. யானையின் கணக்கு மாத்திரம் இன்னும் முடியவில்லை. உடவளவையின் நீர்க்கரையிலே மாலை நேரத்தில் அது கன்றோடு வந்து நிற்கின்றது. அக்கணக்கு எவ்வாறு முடியும் என்பது இன்றுள்ளோரின் கையில் இருக்கிறது.